ஹைப்ரிட் கார் வாங்கி 14 மாசம்: டேங்க், கேஜ், உண்மையான மைலேஜ்

கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு, புதுச்சேரியில வேலை. தினமும் போக வர 50 கிமீ. இதுல 14 மாசமா ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஓட்டுறேன், ஓடோமீட்டர் இப்ப 17,000 தாண்டிடுச்சு. நடுத்தர சைஸ் எஸ்யூவி, 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், பேட்டரி, மோட்டார், 45 லிட்டர் டேங்க். கம்பெனி பேரு வேண்டாம்னு விட்டுட்டேன், ஏன்னா நான் சொல்லப்போறது முக்காவாசி எந்த ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் பொருந்தும். சீட்டு எப்படி, சன்ரூஃப் எப்படி, டச் ஸ்கிரீன் எப்படின்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு, அத நான் தொடப்போறதில்ல. டேங்க்ல உண்மையில எவ்ளோ பிடிக்கும், பெட்ரோல் எவ்ளோ மிச்சம்னு கேஜ் காட்டுறத எவ்ளோ நம்பலாம், நம்ம ரோட்டுல லிட்டருக்கு எவ்ளோ கொடுக்குது, இந்த மூணு மட்டும்தான். இத வாங்குறதுக்கு முன்னாடி நான் தேடுன தேடலுக்கு ஒரு இடத்துலயும் ஒழுங்கான பதில் கெடைக்கல, அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஷோரூம்ல ஹைப்ரிட்னு சொன்னா உடனே நம்பிடாதீங்க. மைல்ட் ஹைப்ரிட்னு ஒண்ணு இருக்கு, அதுல சின்ன பேட்டரி, இஞ்சினுக்கு லேசா கை கொடுக்கும், சிக்னல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணும், அவ்ளோதான், மோட்டார் மட்டும் தனியா வண்டிய இழுக்காது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல இஞ்சின் முழுசா நின்னுடும், வண்டி பேட்டரியில நகரும், பிரேக் போடும்போது வீணாப்போற சக்திய மோட்டாரே ஜெனரேட்டரா மாறி திரும்ப பேட்டரிக்கு அனுப்பும். ரெண்டுக்கும் விலையிலயும் மைலேஜ்லயும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்க சித்தப்பா பையன் மைல்ட் ஹைப்ரிட் வாங்கிட்டு, எனக்கு மட்டும் ஏண்டா மைலேஜ் வரலன்னு ஒரு வருஷம் கவலைப்பட்டுட்டு இருந்தான், அவன் தப்பு இல்ல, வித்தவங்க சொல்லல.

இப்ப டேங்க் விஷயம். கடலூர்காரங்களுக்கு டேங்க் சைஸ் ஏன் முக்கியம்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், மத்தவங்களுக்காக சொல்றேன். ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாத்து பாலம் ஏறி இறங்கி ரெட்டிச்சாவடி தாண்டுனா முள்ளோடை, அங்கேருந்து புதுச்சேரி எல்லை. வாட் வரி ரெண்டு பக்கமும் வேற வேற, அதனால பெட்ரோல் லிட்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு ரூபாய் அங்க கம்மி. அதனால இங்க யாரும் கடலூர் பக்கம் ஃபுல் டேங்க் அடிக்க மாட்டாங்க, எல்லை தாண்டித்தான் அடிப்பாங்க, டூவீலர் வச்சிருக்கவன்ல இருந்து லாரிக்காரர் வரைக்கும் இதே கணக்குதான். பெரிய டேங்க் இருந்தா ஒரு தடவ அடிச்சத வச்சு அதிக நாள் தமிழ்நாட்டு பக்கம் ஓட்டலாம். 40 லிட்டர் அடிச்சா 200 ரூபா மிச்சம், மாசத்துக்கு ஒண்ணரை தடவ அடிக்கிறவனுக்கு வருஷத்துக்கு மூவாயிரத்து சொச்சம், ஒரு சர்வீஸ்ல ஆயில் மாத்துற காசு அது.

ஹைப்ரிட்ல டேங்க் சைஸ் வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டுக்கு 40 லிட்டர், இன்னோவா ஹைகிராஸுக்கு 52. 40ன்னு பாத்ததும் கம்மியா இருக்கேன்னு தோணும், ஆனா லிட்டருக்கு அதிகம் கொடுக்குற வண்டிக்கு சின்ன டேங்க் போதும், எடையும் கம்மி.

45 லிட்டர் டேங்க்னா 45 லிட்டர் அடிக்கலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. அடிக்க முடியாது, ஏன்னா நம்ம யாரும் டேங்க் காயுற வரைக்கும் ஓட்டுறதில்ல. என்னோட 18 தடவ பில்லும் வச்சிருக்கேன், சராசரியா 38 லிட்டர் ஏறியிருக்கு, அதிகபட்சம் 40.8. அந்த 40.8 எப்படி வந்துச்சுன்னு கீழ சொல்றேன், அது எனக்கு மறக்க முடியாத ராத்திரி.

இன்னொரு பக்கம், 45 லிட்டர் டேங்க்ல 47 லிட்டர் ஏத்திட்டாங்கன்னு பங்க்ல சண்டை போடுறவங்களையும் பாத்திருக்கேன். அது எப்பவுமே ஏமாத்துன்னு சொல்ல முடியாது. புத்தகத்துல போட்டிருக்க அளவுக்கு மேல டேங்க்ல கொஞ்சம் காலி இடம் வேணும்னேதான் விட்டிருப்பாங்க, பெட்ரோல் சூட்டுல விரியும். 10 டிகிரி ஏறுனா 40 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 400 மில்லி விரியும், கூடவே ஆவியும் எழும்பும், அதுக்குத்தான் அந்த இடம். நாம மேல மேல அமுக்கி அடிச்சா அந்த இடமும் ரொம்பிடும், பெட்ரோல் ஆவி போற குழாய் வழியா கரி நெறஞ்ச ஒரு டப்பாவுக்குள்ள போயிடும், கேனிஸ்டர்னு சொல்வாங்க, அது ஆவிய பிடிச்சு வைக்க மட்டும்தான், திரவமா பெட்ரோல் போனா கரி கெட்டுடும், மாத்துறதுன்னா செலவு. அதனால நாசில் டக்குனு முதல் தடவ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லிடுங்க. நான் வழக்கமா அடிக்கிற பங்க்ல இருக்க அக்கா முதல் மாசம்லாம் "சார் ரவுண்டா 3,700க்கு வச்சுடட்டுமா"ன்னு கேப்பாங்க, "வேணாம்க்கா, கட் ஆனதோட விட்ருங்க"ன்னு நாலஞ்சு தடவ சொன்னதும் இப்ப என் வண்டி வந்தாலே அவங்களே நிறுத்திடுறாங்க.

அளவுல உண்மையிலேயே சந்தேகம் வந்தா சண்டை வேண்டாம், அஞ்சு லிட்டர் அளவு கேன்ல பிடிச்சு காட்டுங்கன்னு கேளுங்க. எல்லா பங்க்லயும் எடையளவுத்துறை முத்திரை போட்ட கேன் இருக்கணும், கேட்டா காட்டணும், அஞ்சு லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும்தான் ஏற இறங்க விடுவாங்க. நான் ஒரு தடவ கேட்டு பாத்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம் விடியகாலையில அடிச்சா பெட்ரோல் கெட்டியா இருக்கும், அதிகமா கெடைக்கும்னு எங்கப்பா இன்னும் சொல்றாரு, பங்க்ல பெட்ரோல் மண்ணுக்கு அடியில இருக்கு, அங்க காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெருசா மாறாது, அதுக்காக அஞ்சு மணிக்கு எழுந்து போக வேணாம்.

கேஜ் பத்திதான் எனக்கு மனசுல அதிகம் இருக்கு. டேங்குக்குள்ள ஒரு மிதவை இருக்கும், அது ஒரு கம்பியில ஏறி இறங்கும், அந்தக் கம்பி நகர நகர மின்தடை மாறும், அத வச்சுத்தான் டேஷ்போர்டுல கட்டம் காட்டுது. டேங்க் நேரான டப்பா கிடையாது, சீட்டுக்கு அடியில இருக்க இடத்துக்கு ஏத்த மாதிரி நெளிஞ்சு வளைஞ்சு இருக்கும், ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். மிதவை மேல முட்டி நின்ன பின்னாடியும் சில லிட்டர் மேல இருக்கும், அதனால ஃபுல் கட்டம் கொறையவே கொறையாம இருக்க மாதிரி தெரியும், அப்புறம் பாதி தாண்டுனதும் மளமளன்னு எறங்கும். என் வண்டியில முதல் பாதி கட்டத்துக்கு 480 கிமீ ஓடும், ரெண்டாவது பாதிக்கு 330 தான், வார்னிங் லைட் வந்துடும். புதுசா வாங்குனவங்க முதல் பாதிய பாத்துட்டு ஆஹா ஆயிரம் கிமீ போகும்போலன்னு கணக்கு போட்டுட்டு அப்புறம் ஏமாந்து போறாங்க, நானும் அப்படித்தான் முதல் மாசம் வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தேன்.

சரிவுல நிறுத்துனா கேஜ் மாறும், அதையும் பாத்துக்குங்க. எங்க ஆபீஸ் பார்க்கிங் அண்டர்கிரவுண்டுக்கு எறங்குற சரிவுல இருக்கு, அங்க ஆன் பண்ணுனா ஒரு கட்டம் கம்மியா காட்டும், வெளிய வந்து சமதரையில ஒரு கிமீ ஓடுனா திரும்ப ஏறும். அது கோளாறு இல்ல, பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குது, அவ்ளோதான்.

கேஜ் கதைய பேசும்போது பழைய ப்ரியஸ் பத்தி சொல்லணும். 1997ல ஜப்பான்ல வந்ததுதான் டொயோட்டா ப்ரியஸ், உலகத்துல பெரிய அளவுல தயாரிச்சு வித்த முதல் ஹைப்ரிட் கார் அதுதான். அமெரிக்காவுல வித்த முதல் ரெண்டு தலைமுறை ப்ரியஸ்ல டேங்குக்குள்ள ஒரு பை மாதிரி வச்சிருந்தாங்க, பெட்ரோல் ஊத்த ஊத்த விரியும், தீர தீர சுருங்கும், உள்ள காலி இடமே இல்லன்னா ஆவி எழும்பாது, காத்துல கலக்காதுன்னு நல்ல எண்ணத்துல செஞ்சதுதான். ஆனா குளிர்ல பை வெறச்சுப்போய் முழுசா விரியாது, 45 லிட்டர்னு போட்டிருக்க டேங்க்ல அதுக்கு ரொம்ப கம்மியாவே நாசில் கட் ஆயிடும், கேஜும் ஒழுங்கா சொல்லாது. 2010 மாடல்ல இருந்து அந்தப் பைய தூக்கிட்டு சாதாரண டேங்குக்கு வந்துட்டாங்க. ஹைப்ரிட்ல கேஜ் தொந்தரவுன்னு இன்டர்நெட்ல தேடுனா வர்ற பயமுறுத்துற கதைகள் பாதி அந்தக் காலத்து அமெரிக்க ப்ரியஸ் கதைதான், இங்க இப்ப விக்கிற வண்டியில அந்தப் பை கிடையாது, அதனால அத படிச்சுட்டு பயப்படாதீங்க.

அடுத்தது ரேஞ்ச், இன்னும் எத்தனை கிமீ போகும்னு காட்டுற நம்பர். இது கேஜ விட மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா இது என்னன்னு புரிஞ்சுக்காம நம்பக்கூடாது. டேங்க்ல மிச்சம் இருக்கறத கடைசியா ஓட்டுன சராசரியால பெருக்கி காட்டுது, அடியில கொஞ்சம் ரிசர்வ் ஒதுக்கி வச்சுட்டு. ஒரு வாரம் முழுக்க கடலூர்–புதுச்சேரி டிராஃபிக்ல ஊர்ந்துட்டு ஃபுல் அடிச்சா 1,000 கிமீன்னு காட்டும், சென்னை போய்ட்டு வந்து அதே பங்க்ல அதே அளவுக்கு அடிச்சா 810 தான் காட்டும். பெட்ரோல் அதேதான், மாறுனது நாம ஓட்டுன விதம். சாதாரண கார்லயும் இது நடக்கும், ஆனா ஹைப்ரிட்ல சிட்டி மைலேஜுக்கும் ஹைவே மைலேஜுக்கும் இடைவெளி ஜாஸ்தி, அதனால இந்த நம்பர் ரொம்ப ஆடும்.

அந்த 40.8 லிட்டர் ராத்திரி. சென்னையில மச்சினி வீட்டு விசேஷம் முடிச்சுட்டு ஈசிஆர்ல திரும்பி வர்றோம், நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு புள்ளைங்க பின்னாடி தூங்குதுங்க. கல்பாக்கம் தாண்டுனதும் மஞ்ச லைட் எரிஞ்சுது, ரேஞ்ச் 55ன்னு காட்டுச்சு. ஈசிஆர்ல கனகசெட்டிகுளம் வந்தாத்தான் புதுச்சேரி எல்லை, அதுக்கு முன்னாடி எல்லாம் தமிழ்நாட்டு விலை. நான் காலாப்பட்டு போய் அடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். மரக்காணம் வந்தப்ப ரேஞ்ச் 8. ரெண்டு பக்கமும் உப்பளம், இருட்டு, வண்டி நடமாட்டம் கம்மி. "ஏங்க, இங்க ஒரு பங்க் இருக்கே, ஒரு அஞ்சு லிட்டராவது போட்டுட்டு போலாமே"ன்னு அவ சொன்னா. இது ஹைப்ரிட், பெட்ரோல் தீந்தாலும் பேட்டரியில போகும்னு நான் சொன்னேன். ஊர தாண்டுன கொஞ்ச நேரத்துல ரேஞ்ச் நம்பரே போய்டுச்சு, மூணு கோடு மட்டும்.

ஏசிய ஆஃப் பண்ணிட்டு 60லயே ஓட்டுனேன், கூனிமேடு தாண்டுற வரைக்கும் அவ ஒரு வார்த்த பேசல. காலாப்பட்டு பங்க்ல போய் நின்னு அடிச்சா 40.8ல நாசில் கட் ஆச்சு. அதாவது டேங்க்ல இன்னும் நாலு லிட்டருக்கு மேல இருந்துருக்கு, 80 கிமீ போயிருக்கலாம். அப்ப பயந்ததுக்கு அவசியமே இல்லன்னு தோணலாம், ஆனா நான் அப்படி நெனைக்கல, ஏன்னா பேட்டரியில போகும்னு நான் சொன்னது தப்பு, அத அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இத யாரும் ஷோரூம்ல சொல்றதில்ல, அதனால விலாவாரியா சொல்றேன். இந்த வண்டி பேட்டரி ஒரு யூனிட் கரன்ட் கூட பிடிக்காது, முக்கால் யூனிட்தான். ஈவி கார்ல 30, 40 யூனிட் இருக்கும். இதுல பெட்ரோல் இல்லாம போனா மெதுவா ஒண்ணு ரெண்டு கிமீ நகர்ந்தா பெருசு, அதுக்குள்ள ஏறி இறங்குற ரோடா இருந்தா அதுவும் இல்ல. சரி, நின்னா என்ன, யாராவது பாட்டில்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து ஊத்துனா கெளம்பிடும்னு நெனைச்சா அதுலயும் ஒரு சிக்கல். இந்த மாதிரி ஹைப்ரிட்ல சாதாரண கார் மாதிரி தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, அந்த பெரிய பேட்டரிதான் மோட்டார் வழியா இஞ்சின சுத்தி ஸ்டார்ட் பண்ணும். பெட்ரோல் இல்லாம பேட்டரியையும் காலி பண்ணிட்டோம்னா பெட்ரோல் ஊத்துனாலும் இஞ்சின ஸ்டார்ட் பண்ண சக்தி இருக்காது, வெளியில பிளக் போட்டு சார்ஜ் பண்ணவும் வழி இல்ல, டோ வண்டியில தூக்கிட்டு ஒர்க்‌ஷாப்தான் போகணும். பெட்ரோல் பம்ப்பும் டேங்குக்குள்ளயே பெட்ரோல்ல முங்கி இருந்துதான் சூடு ஆறுது, அடிமட்டத்துல அடிக்கடி ஓட்டுனா அதுக்கும் ஆயுசு கொறையும். இருநூறு ரூபாவுக்காக ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு மரக்காணம் உப்பளத்துல நான் எடுத்த ரிஸ்க் அது. இப்ப மஞ்ச லைட் எரிஞ்சா எந்த மாநிலமா இருந்தாலும் அடுத்த பங்க்ல பத்து லிட்டர் போட்டுடுவேன், மீதிய எல்லை தாண்டி அடிச்சுக்கலாம்.

மைலேஜுக்கு வருவோம். கம்பெனி சொல்றது 28க்கு கிட்ட. எனக்கு கெடைச்சது 22.4. இத எப்படி கணக்கு போட்டேன்னா, ரெண்டாவது மாசத்துல இருந்து, அந்த காலாப்பட்டு ராத்திரி தவிர, ஒரே பங்க், முடிஞ்ச வரைக்கும் ஒரே பம்ப், வண்டி ஒரே பக்கம் பாத்து, முதல் கட்டோட நிறுத்தி, பில்லு பின்னாடியே ஓடோமீட்டர எழுதி வச்சேன். 18 தடவ, 684 லிட்டர், 15,306 கிமீ. அதே காலத்துக்கு டேஷ்போர்டு சராசரி 24ன்னு காட்டுச்சு. அதாவது வண்டி தன்னப்பத்தி ஏழு சதவீதம் கூட சொல்லிக்குது. ஒரே ஒரு டேங்க வச்சு கணக்கு போட்டா நாசில் கட் ஆகுற இடம் ஒரு லிட்டர் முன்ன பின்ன இருக்கும், அதுலயே கணக்கு மாறிடும், நாலஞ்சு டேங்க் சேர்த்து போட்டாத்தான் உண்மை தெரியும். பங்க்ல நின்னுட்டு இருக்கவங்ககிட்ட எவ்ளோ கொடுக்குதுன்னு கேட்டா டேஷ்போர்ட போட்டோ எடுத்து காட்டுறாங்க, பில்லு கேளுங்க.

28க்கும் 22க்கும் இவ்ளோ வித்தியாசம் வர்றது ஏமாத்துன்னு எனக்கு தோணல. அந்த 28 ரோட்டுல ஓட்டி எடுத்தது இல்ல, உருளை மேல வண்டிய நிறுத்தி இந்திய டிரைவிங் சைக்கிள்னு ஒரு கணக்கு வச்சு ஓட்டி எடுக்குறது. அதிகபட்ச வேகமே 90, சராசரி வேகம் 30 சொச்சம், ஏசி கிடையாது, எதிர்காத்து கிடையாது, மேட்டுல ஏத்தம் கிடையாது. மெதுவா போய் நின்னு நின்னு போற அந்த சோதனை ஹைப்ரிட்டுக்குன்னே அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி. ரெண்டு வண்டிய ஒப்பிட அந்த நம்பர் உதவும், பெட்ரோல் பட்ஜெட் போட உதவாது.

எங்க நல்லா கொடுக்குது, எங்க கொடுக்கலன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். காலையில மஞ்சக்குப்பத்துல கெளம்பி கிருமாம்பாக்கம் வரைக்கும் 60, 70ல சீரா போகும். தவளக்குப்பத்துல இருந்து நோணாங்குப்பம் பாலம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் சிக்னல் வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்துதான் போகணும். ஸ்கூல் வேன், கம்பெனி பஸ், காலேஜ் பஸ், எல்லாம் ஒரே ரோட்டுல. முன்னாடி வச்சிருந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல இந்த இடத்துல மைலேஜ் 9, 10ன்னு விழும். இதுல அரியாங்குப்பத்துல இஞ்சின் நின்னா சில நாள் மரப்பாலம் வரைக்கும் எழும்பவே எழும்பாது, நெரிசல் ஜாஸ்தியா இருந்தா மைலேஜ் ஏறும். டிராஃபிக்க பாத்து கோவம் வர்றதே எனக்கு கொறஞ்சு போச்சு. இந்த ஆபீஸ் ஓட்டம் மட்டும் பாத்தா 23.5 வருது.

ஈசிஆர் அதுக்கு நேர் எதிர். 80ல போனா 23 கொடுக்கும், 100, 110ல போனா 19க்கு விழுந்துடும். வேகம் ரெண்டு மடங்கானா காத்து தள்ளுறது நாலு மடங்காகும், இஞ்சின் ஓயாம ஓடணும், பிரேக்கே போடலன்னா பேட்டரிக்கு திரும்ப எதுவும் வராது, அப்ப ஹைப்ரிட் சாமானெல்லாம் சும்மா சுமைதான். சாதாரண கார் ஹைவேல நல்லா கொடுக்கும், சிட்டியில குடிக்கும், இது தலைகீழ். வாரா வாரம் சென்னை, பெங்களூர்னு பறக்குறவங்க இத வாங்கி மைலேஜ் இல்லன்னு குறை சொன்னா வண்டி மேல தப்பு இல்ல.

கத்திரி வெயில்ல 21 சொச்சத்துக்கு எறங்கிடுச்சு. ஏசி கம்ப்ரஸர் இதுல கரன்ட்ல ஓடுது, அதனால சிக்னல்ல இஞ்சின் நின்னாலும் சில்லுனுதான் இருக்கும், அது பெரிய சுகம், ஆனா அந்தக் கரன்ட் பேட்டரியில இருந்து போகுது, அத ரொப்ப இஞ்சின் எழும்பணும். மார்கழியில அதே ரோடு, அதே நேரம், 25 பாத்தேன். இன்னொண்ணு எத்தனால். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால்ல லிட்டருக்கு பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அப்ப எந்த வண்டியா இருந்தாலும் கொஞ்சம் கொறையத்தான் செய்யும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நம்மள மாதிரி கடலோர ஊர்ல, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில, வண்டிய மாசக்கணக்குல கால் டேங்கோட நிறுத்தி வைக்காதீங்க.

வெளிநாட்டு ரிவ்யூ பாக்குறவங்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காக்காரன் 50 மைல்னு சொன்னா நம்ம கணக்குல லிட்டருக்கு 21.3 கிமீ, இங்கிலாந்துக்காரன் அதே 50 மைல்னு சொன்னா 17.7 தான், ரெண்டு பேரோட கேலனும் வேற வேற. ஐரோப்பாவுல 100 கிமீக்கு எத்தனை லிட்டர்னு சொல்வாங்க, எனக்கு அதுதான் நேர்மையான கணக்குன்னு படுது. 10 கொடுக்குற வண்டிய 15 ஆக்குனா 100 கிமீக்கு 3.3 லிட்டர் மிச்சம், 20 கொடுக்குறத 25 ஆக்குனா ஒரே ஒரு லிட்டர்தான். ரெண்டுலயும் அஞ்சுதான் கூடுச்சு, காசு ஒண்ணா இல்ல. பழைய வண்டி 10, 11 கொடுத்துட்டு இருந்தா மாறுறதுல லாபம் தெரியும், ஏற்கனவே 20 கொடுக்குற சின்ன கார் வச்சிருந்தா இதுக்கு மாறி பெட்ரோல்ல காசு பாக்க முடியாது.

காசுக்கணக்கு எனக்கு இப்படி வருது. வாங்குனப்ப இதே வண்டியோட சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் இதுக்கும் ரெண்டரை லட்சம் வித்தியாசம். அது என் ரோட்டுல 14 கொடுக்கும்னு வச்சுக்குவோம், இது 22.4. மாசம் 1,200 கிமீக்கு எனக்கு 32 லிட்டர் மிச்சம், புதுச்சேரி விலையில மூவாயிரத்து சொச்சம் ரூபா. ரெண்டரை லட்சம் திரும்ப வர ஆறே முக்கால் வருஷம் ஆகும். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கிமீ வாரண்டி இருக்கு, அதுக்குள்ள போட்ட காசு வந்துடும், அந்த தைரியத்துலதான் எடுத்தேன். மாசம் 500, 600 கிமீ ஓட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கு 13 வருஷத்துக்கு மேல போகும்.

குறைன்னு சொன்னா டிக்கியில பேட்டரி இடத்த எடுத்துக்குது, ரெண்டு பெரிய பெட்டி நிக்காது. பின்சீட்டு பக்கத்துல பேட்டரிக்கு காத்து போற ஜன்னல் ஒண்ணு இருக்கு, அத பையோ துண்டோ போட்டு மூடக்கூடாது, எங்க வீட்ல புள்ளைங்ககிட்ட இத சொல்லி சொல்லி வாய் வலிக்குது. வேகமா ஏத்தத்துல அழுத்துனா இஞ்சின் சத்தம் கத்தும், மூணு சிலிண்டர், பழகிடும். ஆனா எனக்கு பெரிய வருத்தம் டேஷ்போர்டு மேலதான். இவ்ளோ சென்சார், இவ்ளோ கம்ப்யூட்டர் வச்சிருக்க வண்டியில பேட்டரியில சக்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கலர் கலரா அம்புக்குறி போட்டு காட்டத் தெரியுது, டேங்க்ல 11 லிட்டர் இருக்குன்னு ஒரு நம்பர் காட்ட முடியலையா. கட்டத்துக்கு பதிலா லிட்டர காட்டுனா அந்த ராத்திரி எனக்கு நடந்துருக்காது. சர்வீஸ்ல கேட்டேன், "எல்லா வண்டியிலயும் அப்படித்தான் சார்"னு முடிச்சுட்டாங்க.

நெய்வேலியில இருக்க என் மச்சான் போன மாசம் வந்து ஓட்டி பாத்தாரு, சிக்னல்ல சத்தமே இல்லாம நின்னத பாத்து ஆசைப்பட்டுட்டாரு, "மாப்ள, நானும் இதையே எடுத்துடட்டுமா"ன்னு கேட்டாரு. பில்லு கட்ட எடுத்து முன்னாடி வச்சேன். அவருக்கு டவுன்ஷிப்ல வீட்டுக்கும் வேலைக்கும் மூணு கிமீ. இஞ்சினும், சைலன்சர்ல புகைய சுத்தம் பண்ற கன்வெர்ட்டரும் சூடாகுற வரைக்கும் இஞ்சின் ஓடத்தான் செய்யும், மூணு கிமீல அது சூடாகி ஹைப்ரிட் வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள ஆபீஸ் கேட் வந்துடும். அதுக்கு மேல ஞாயித்துக்கிழமை கடலூர் வந்துட்டு போனா மாசத்துக்கு மொத்தமே 500 கிமீ வராது. வேணாம் மச்சான், இது உங்க ரோட்டுக்கு வண்டி இல்லன்னு சொன்னேன். அவர் ரெண்டு நாள் யோசிச்சுட்டு சாதாரண பெட்ரோல் மேனுவல் புக் பண்ணிட்டாரு, அடுத்த வாரம் டெலிவரி, முதல் ஃபுல் டேங்குக்கு முள்ளோடை வரைக்கும் ஓட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.